நார்மன் உதட்டில் அம்மாவின் பல்: நாலாவது முயற்சி

ஒருவழியாகப் பல்வரிசை உதட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தின் முடிவில் கொலைகாரன் நார்மனின் சிரிப்புமேல் செத்துப்போன அம்மாவின் மண்டையோடு மங்கலாகத் தெரிந்து, அது கலைவதற்குள் சதுப்பிலிருந்து காரை இழுக்கும் காட்சி வருமே, அந்த ஷாட்டைத்தான் நானே எடுத்துப் பார்க்கிறேன்.

முதல் மூன்றும் சொதப்பியது பிளெண்ட் மோடில், அதாவது எடிட்டிங் மென்பொருள் இரண்டு படங்களைக் கலக்கும் முறையில். டபுள் எக்ஸ்போஷர் (ஒரு படத்தின்மேல் இன்னொன்று) என்றதும் கை தானாக ஸ்கிரீன் மோடுக்குப் போகும். ஸ்கிரீன் வெளிச்சத்தை மட்டும்தான் கூட்டும். கண்குழியின் கருமையை அது கண்டுகொள்ளாது. கன்ன எலும்பு வெளுத்து, பவுடர் அப்பிய மூஞ்சிதான் மிச்சம். நார்மல் மோடில் மண்டையோட்டுக்கு 30 சதவீத ஒப்பாசிட்டி (மேல்படம் கீழ்ப்படத்தை மறைக்கும் அளவு) போதும். லீனியர் கலரில் (பிக்சல் எண்ணை அப்படியே கலக்காமல், அது குறிக்கும் நிஜ வெளிச்ச அளவில்) கலக்கும் ஆப்ஷனையும் அணைத்துவிட வேண்டும். பிக்சல் எண்ணில் 0 கருப்பு, 255 வெள்ளை. 255 வெள்ளைமேல் 30 சதவீதக் கருப்பு விழுந்தால் சாதாரணக் கலவையில் 179 கிடைக்கும், காமா (பிக்சல் எண்ணை வெளிச்சமாக மாற்றும் அடுக்கு) 2.2 என்று வைத்தால் லீனியரில் 217. அந்த 38-இல்தான் குழி காணாமல் போகிறது.

அடுத்த தலைவலி கோணம். நார்மனாக நடித்த பெர்கின்ஸ் தலையைத் தாழ்த்திக்கொண்டு கண்ணை மட்டும் மேலே உயர்த்துவார். தாழ்ந்த முகத்தில் கண்ணுக்கும் வாய்க்கும் இடைவெளி சுருங்கிவிடும். மண்டையோட்டை நேராக வைத்து எடுத்தால், கண் பொருந்தும்போது பல் தாடைக்கு இறங்கிவிடும். மென்பொருளில் அமுக்கினால் பல்லெல்லாம் சப்பையாகிவிடும். மண்டையோட்டையே அதே அளவு சாய்த்து, அதே லென்ஸில், அதே தூரத்திலிருந்து மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை. பின்னணி கருப்பாக இருக்கவே கூடாது. முகத்துக்குப் பின்னாலிருக்கும் சுவரின் அதே சாம்பல் வேண்டும். இல்லையென்றால் மண்டையோடு ஏறும்போது சுவரும் சேர்ந்து இருண்டு வித்தையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மண்டையோடு வாங்குபவர்களுக்கு: பேய் வேஷக் கடைச் சரக்கு வேண்டாம், பல் ஒவ்வொன்றும் சோளமுத்து சைஸ். உடற்கூறு வகுப்பு மாடல்தான் சரி. அதன் தாடை ஸ்பிரிங்கில் தொங்கும்; உள்பக்கம் நூல் போட்டு இறுக்கிக் கட்டவும். பிளாஸ்டிக் பளபளப்புக்கு மேட் ஸ்பிரே.

ஒலி இன்னும் தொடவில்லை. படத்தில் அம்மாவின் குரல் ஒருவருடையதல்ல. வர்ஜீனியா கிரெக், ஜீனெட் நோலன் என இரண்டு பெண்கள், கூடவே பால் ஜாஸ்மின் என்ற ஆண். ஒற்றைக் குரலை பிட்ச் மாற்றி ஒப்பேற்றினால் கார்ட்டூன் கிழவிதான் வருவாள்.

அதற்குள் மனசு அடுத்து எடுக்க ஹிட்ச்காக்கின் இன்னொரு படமான ‘நொட்டோரியஸ்’ (1946) பக்கம் தாவிவிட்டது. மனைவி உளவாளி என்று மகன் வந்து சொன்னதும் அம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறாளே, அந்த இடம். அம்மாவாக வந்த லியோபோல்டின் கான்ஸ்டன்டின், மகனாக நடித்த கிளாட் ரெயின்ஸைவிட மூன்றே வயது மூத்தவர். ‘தி மஞ்சூரியன் கேண்டிடேட்’ (1962) அம்மா ஏஞ்சலா லான்ஸ்பரிக்கும் மகன் லாரன்ஸ் ஹார்விக்கும் அதே மூன்று வயசுதான் வித்தியாசம். ஆகவே நரைமுடி விக்கெல்லாம் தேடப்போவதில்லை. தீக்குச்சி வெளிச்சம் முகத்தில் எவ்வளவு விழ வேண்டும் என்பதுதான் முதல் சோதனை.