மீன் எழுத்துக் கோப்பை

தோக்கியோவில் நிஷிகசாய் ஸ்டேஷனில் இறங்கி, தமிழ் காதில் விழாமல் வீடு போய்ச் சேருவது கொஞ்சம் கஷ்டம். 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்ய வந்த இந்தியர்களுக்கு, ஓத்தேமாச்சி ஆபீஸ்களுக்கு இங்கிருந்து தோசாய் லைனில் ஒரே ரயில் என்பது வசதியாக இருந்தது. அவர்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் இந்தப் பக்கமே வீடு பிடித்தார்கள். நானும் அந்த வரிசையில் கடைசியாக ஒட்டிக்கொண்டவன். புழுங்கலரிசி கிடைக்கிறது, தோசை கிடைக்கிறது, ஆபீஸில் ஆங்கிலம். வந்த 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரி பதியப் போனபோதுகூட நண்பர் ஒருவர் கூட வந்து பேசிவிட்டார். முதல் நான்கு மாதம் நான் வாயைத் திறந்து சொன்ன ஜப்பானிய வார்த்தை ‘சுமிமாசென்’ ஒன்றுதான். மன்னிக்கவும், கொஞ்சம் வழிவிடுங்கள், ஐயா இங்கே பாருங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

சோற்றின் மேல் மீன் துண்டு வைத்த சுஷி சாப்பிடப் போனதும் அப்படித்தான். ஆபீஸ் நண்பர்கள் கூட்டிப் போனது பெரிய சங்கிலிக் கடை ஒன்றுக்கு. 1958இல் கிழக்கு ஒசாகாவில் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர், பீர் தொழிற்சாலையில் பட்டையில் ஓடும் பாட்டில்களைப் பார்த்துவிட்டுத் தன் கடையில் தட்டுகளை ஓடவிட்டாரே, அந்த வம்சம். இப்போது தொடுதிரையில் ஆங்கிலத்தைத் தட்டினால் தட்டு நம் மேஜைக்கே வந்து நிற்கிறது. ரொம்ப நாள் தட்டு 100 யென்னாக இருந்து, 2022இல்தான் விலையேறியதாம். மலிவு, வயிறும் நிறையும். ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்கு அப்போது அது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் தெருமுனைச் சிறிய கடைக்குள் நான் போனதற்குக் காரணம், வாசல் பலகையில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே விஷயம் 1,000 என்ற எண். மதியச் சாப்பாடு ஆயிரம் யென். இழுக்கும் கதவு, துணித் திரை, உள்ளே எட்டே நாற்காலி, கண்ணாடிப் பெட்டிக்குள் மீன். பெட்டிக்குப் பின்னால் எழுபதைத் தாண்டிய ஒருவர். கடைக்கு வருகிறவர்கள் அவரைத் ‘தைஷோ’ என்பார்கள், நம் ஊரில் முதலாளி என்று கூப்பிடுவது போல. டீ, சூப், கல்லா எல்லாம் அவர் மனைவி.

சாப்பாட்டில் மூன்று தரம்: நாமி, ஜோ, தொகுஜோ. சாதா, உயர்வு, தனி உயர்வு. ஆயிரம் யென்னுக்கு நாமி. எட்டுத் துண்டு சுஷி, ஒரு சுருள், ஒரு கிண்ணம் சூப். நான் குச்சியால் தூக்கி, சோற்றுப் பக்கத்தைச் சோயா சாஸில் முக்கினேன். சோறு பிரிந்து சாஸில் மிதந்தது. தைஷோ ஒன்றும் சொல்லவில்லை. தன் விரல்களைக் காட்டி, எடுத்து, தலைகீழாகத் திருப்பி, மீன் பக்கத்தை மட்டும் தொடுவது போல் அபிநயம் பிடித்தார். கையாலேயே சாப்பிடலாம்! தோக்கியோவுக்கு ‘எதோ’ என்று பெயர் இருந்த காலத்தில் தெருக்கடைகளில் நின்றபடி தின்ற சாப்பாடுதானே இது. நான்கு மாதமாகக் குச்சியோடு மல்லுக்கட்டியவனுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை பாருங்கள். சோறும் ஐஸ் போல இல்லை, கைச்சூட்டில் இருந்தது. லேசான புளிப்பு, லேசான இனிப்பு, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக. இன்றுவரை மீனைவிட அந்தச் சோற்றுக்குத்தான் போகிறேன் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது தடவை கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. சுவரில் வரிசையாகச் சின்ன மரப்பலகைகள் தொங்கும். மேலே மீன் பெயர், கீழே விலை. அதில் மூன்று பலகைகளில் எண் இல்லை, ஒரே மாதிரி இரண்டு எழுத்து. இத்தனை இடத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றால் கடையின் விசேஷம் போல என்று முடிவு செய்து, விரலை நீட்டி, அதில் ஒன்று கொடுங்கள் என்றேன். தைஷோ பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து ‘வேண்டாம்’ என்று காட்டி, “தகாய், தகாய்” என்றார். விலை அதிகமாம். பக்கத்து நாற்காலிக்காரர் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். நான் கேட்டது மீனே இல்லை. ‘ஜிகா’, அதாவது அன்றைய விலை. காலையில் சந்தையில் என்ன போகிறதோ அதுதான் ரேட். தூத்துக்குடியில் பிறந்து, ஏலக்கூடத்தில் ஒரே மீன் ஒரு மணி நேரத்தில் இரண்டு விலைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவன், போயும் போயும் சந்தை விலையை ஒரு தட்டு கேட்டிருக்கிறேன். நாமி ஆளிடம் காசு பிடுங்க வேண்டாம் என்று அவர் நினைத்தார் இல்லையா, அதில்தான் அந்தக் கடை எனக்குக் கடையாயிற்று.

அப்புறம் வியாழக்கிழமை தவறாமல் போக ஆரம்பித்தேன். டீ வரும் கோப்பையைக் கவனித்ததும் அப்போதுதான். கைப்பிடி இல்லாத கனமான கோப்பை, சுடுநீர் ஊற்றினாலும் கையில் பிடிக்கலாம். அதைச் சுற்றி நெருக்கமாக எழுத்துகள். எல்லாவற்றுக்கும் இடப்பக்கம் ஒன்றே: மேலே ஒரு சின்னக் கொக்கி, நடுவில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் சிலுவை, கீழே நான்கு புள்ளி. அதுதான் மீன். வலப்பக்கம் மாறிக்கொண்டே இருக்கும், எந்த மீன் என்று அது சொல்லும். மீனோடு நீலம் சேர்ந்தால் சபா. நமக்கு சபா என்றால் கச்சேரி, இங்கே அயிலை. மீனோடு பனி சேர்ந்தால் தரா, குளிர்காலத்து மீன். மீனோடு மகிழ்ச்சி சேர்ந்தால் கிசு. அது எது என்று கண்ணாடிப் பெட்டியில் பார்த்தால், நம் கிழங்கான் ஜாதி! மீனோடு வசந்தம் சேர்ந்தால் சவாரா, வஞ்சிரத்துக்குப் பங்காளி.

மீனோடு ‘பலவீனம்’ சேர்ந்த எழுத்துதான் எனக்குப் பிடிபடவில்லை. தைஷோ பெட்டியிலிருந்து ஒரு சாளையை எடுத்துப் பலகையில் வைத்தார். கையைத் தண்ணீருக்குள் நீந்துவது போல் ஆட்டினார். கை தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் அப்படியே தொங்கப் போட்டு, நாக்கை வெளியே தள்ளினார். சாளை கரைக்கு வந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும், அதான் பலவீன மீன். அதன் பெயர் இவாஷி. வாரம் இரண்டு எழுத்து என்று பழகி, ஆறு மாதத்தில் அந்தக் கோப்பையை முக்கால்வாசி படித்துவிட்டேன். சனிக்கிழமை மொழி வகுப்பில் ‘இது பேனா, அது மேஜை’ தாண்டாமல் இருந்தபோது, மீன் எழுத்தில் மட்டும் நான் பெரிய ஆள். வாடகை ஒப்பந்தம் படிக்க அது உதவவில்லை என்பது வேறு விஷயம்.

மனைவி வந்து சேர்ந்ததும் கூட்டிப் போனேன். “வேகாத மீனையா திங்கச் சொல்றீங்க?” என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். வெந்தது கொடுங்கள் என்று தைஷோவிடம் கேட்கும் அளவுக்கு எனக்கு அப்போது வாய் வந்திருந்தது. அவித்த இறால், சாஸ் தடவிய கடல் விலாங்கு, முட்டை என்று அவளுக்கு மட்டும் மாற்றி வைத்தார். முட்டையைக் கடித்தவள் நிமிர்ந்து, “என்னங்க, மாசி வாசம் வருதே” என்றாள். எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. முட்டையில் கலக்கும் தாஷிச் சாறு சூரை வகை மீனை அவித்து, புகையில் காயவைத்துச் சீவிக் காய்ச்சுவது. ஆச்சி வீட்டில் உரலில் இடித்துச் சம்பலில் போட்ட மாசிக்கருவாட்டுக்கு உறவு. அதற்கப்புறம் அவள் பச்சை மீனும் சாப்பிடுகிறாள், முட்டையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வாள்.

போன மாதம் தைஷோ கோப்பையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க ஆரம்பித்தார். ஆர்டர் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். வஞ்சிரம் ‘பன்ஜிராமு’ ஆயிற்று. ல, ள எல்லாமே அவர் வாயில் ர. அயிலை என்று சொன்னேன், ‘அயிரை’ என்றார். கடல் மீன் ஒரு நொடியில் ஆற்றுமீனாகிவிட்டது. சாளையைச் சொன்னேன். “சாரை,” என்று தலையாட்டி எழுதிக்கொண்டார். நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இந்த வியாழன் உள்ளே நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டியைத் தட்டி, கடை முழுக்கக் கேட்கும்படி, “இன்று சாரை நன்றாக இருக்கிறது” என்றார். பக்கத்தில் இருந்த பெரியவர் என்ன மீன் அது என்று ஆவலாகத் திரும்பினார். மனைவி மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

“சாரை, இரண்டு துண்டு,” என்றேன். மேலே துருவிய இஞ்சியும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் வைத்து வந்தது.