மக்காச்சோளக் காட்டு வழக்கு: ஒரு ஜூனியர் வக்கீலின் நாட்குறிப்பு

தீர்ப்பு வந்த பிறகுதான் இவற்றை வரிசையாக ஏற்றுகிறேன். ஊர்ப்பெயர், ஆள்பெயர் எதுவும் இருக்காது. பர்கூர் மலைக்கு அடிவாரம் என்பது மட்டும் போதும்.

2025 ஜூலை 3

இன்று குற்றச்சாட்டு வனைந்தார்கள். கட்சிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கூண்டில் நின்று ஒவ்வொன்றுக்கும் "இல்லைங்க" என்றார்.

பாரதிய நியாய சன்ஹிதா 109, அதாவது கொலை முயற்சி (பழைய 307). அதற்கு மாற்றாக 125(பி), அசட்டையாகச் செயல்பட்டுக் கொடுங்காயம் விளைவித்தது. ஆயுதச் சட்டத்தில் இரண்டு: உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு 25(1பி)(ஏ), அதைப் பயன்படுத்தியதற்கு 27(1).

சுட்டது யார் என்பதில் சண்டையே இல்லை. அவர்தான் சுட்டார். போன வருடம் தீபாவளி கழிந்து இரண்டாம் நாள், நவம்பர் 2 ராத்திரி, மக்காச்சோளக் காட்டில். குண்டு பட்டவர் அடுத்த காட்டுப் பங்காளி. பன்றி என்று நினைத்துச் சுட்டேன் என்கிறார் இவர். வண்டித்தடத் தகராறில் என்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தான் என்கிறார் அவர்.

வெளியே வந்ததும் என்னிடம், "ஏனுங்கம்மிணி, ஆளுன்னு தெரிஞ்சா சுடுவனுங்களா?" என்றார். வழக்கு முழுக்க அந்த ஒரு கேள்விதான். ஆனால் கோர்ட் வராந்தாவில் நிற்கும் பாதிப் பேருக்கு அது கேள்வியாகவே படவில்லை. "திருட்டுத் துப்பாக்கி வச்சிருக்கறவன் எதுக்கு வச்சிருப்பான்?" என்று எங்கள் குமாஸ்தாவே கேட்கிறார்.

ஜூலை 6

ஞாயிறு. சீனியர் என்னைக் காட்டைப் பார்த்து வரச் சொன்னார். உழுது போட்டிருக்கிறார்கள், ஆடிப்பட்டத்துக்கு இன்னும் விதைக்கவில்லை. நவம்பரில் ஆளுயரத்துக்கு மேல் பயிர் நின்றிருக்கும். இன்றைக்குப் பரணிலிருந்து பார்த்தால் மோட்டார் ரூம் வரை தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்திருக்காது.

பரணிலிருந்து வண்டித்தடம் வரை பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பதிவு) 22 மீட்டர். தடத்துக்கு அந்தப் பக்கம் பங்காளியின் போர்வெல். அவருக்கு அந்த வாரம் மும்முனைக் கரண்ட் ராத்திரிதான். கேட்வால்வு திருப்ப இருட்டில் வந்து போவது எல்லோரும் செய்வதுதான். இது எங்களுக்குச் சாதகமும் உண்டு, பாதகமும் உண்டு. பாதகம் என்றால், அவர் அந்த நேரத்துக்கு வருவார் என்று இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அசைந்த பக்கம் சுடலாமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பஞ்சாங்கம் பார்த்தேன். தீபாவளி அமாவாசையை ஒட்டித்தானே வரும். நவம்பர் 2 ராத்திரி நிலா என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஜூலை 9

துப்பாக்கி பற்றிய குறிப்பு எழுதி முடித்தேன். அவருடைய அப்பாரு (தாத்தா) காலத்தது. ஒற்றைக் குழல், வாய் வழியாகக் கரிமருந்தும் பால்ரஸும் (சின்ன இரும்பு உருளைகள்) போட்டு இடிக்கிற வகை. அப்பாருக்கு உரிமம் இருந்திருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக இந்த மாதிரித் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று 1959ஆம் வருட ஆயுதச் சட்டமே 13ஆம் பிரிவில் சொல்கிறது. அவர் போன பிறகு யாரும் பெயர் மாற்றவும் இல்லை, ஒப்படைக்கவும் இல்லை. மலையோர மாவட்டங்களில் அவ்வப்போது, தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிப்பார்கள். அப்போதும் இவர் அசையவில்லை.

வைத்திருத்தல் என்ற குற்றத்துக்கு எண்ணம் வேண்டுமா? வேண்டும், ஆனால் கொஞ்சமே. இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அதன் மீது கட்டுப்பாடு இருக்க வேண்டும். 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். 1994இல் சஞ்சய் தத் வழக்கில் அரசியல் சாசன அமர்வும் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதே அறிந்த உடைமையைத்தான் பேசியது. விமான நிலைய சோதனையில் பைக்குள் ஒற்றைத் தோட்டா அகப்பட்டு, அப்பா பை அது, எனக்குத் தெரியவே தெரியாது என்று தப்பிக்கிறவர்கள் உண்டு. எங்கள் ஆளுக்கு அந்த வழி இல்லை. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டும் வைத்திருக்கிறார். தெரியாது என்று எப்படிச் சொல்ல?

2019 திருத்தத்துக்கு முன்னால் இதற்குக் குறைந்தது 1 வருடம், அதிகபட்சம் 3. இப்போது குறைந்தது 2, அதிகபட்சம் 5. மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி (39ஆம் பிரிவு) இல்லாமல் இந்த வழக்கு நிற்காது. அந்த ஆணை ஒழுங்காகவே இருக்கிறது. அதில் ஓட்டை தேடி நேரம் கடத்த வேண்டாம் என்றார் சீனியர்.

ஜூலை 10

அரசுத் தரப்பு முதல் சாட்சி, குண்டு பட்டவர். இன்னும் விந்தித்தான் நடக்கிறார். கூண்டில் ஏறியதும் எங்கள் ஆளைப் பார்க்காமலே, "எங்கண்ணன்தானுங்க சுட்டது" என்றார். பங்காளி முறையில் அண்ணன்.

முதல் விசாரணையில் மூன்று விஷயம் சொன்னார். தடத்தை அடைத்ததில் பகை. ஒரு வாரம் முன்பு "சுட்டுப் போட்டுருவேன்" என்ற மிரட்டல். சுட்டபோது தன் தலையில் ஹெட்லைட் எரிந்தது. மூன்றாவதுதான் விஷம். விளக்கு எரிந்திருந்தால் பன்றிக் கதை அத்தோடு முடிந்தது.

சீனியர் குறுக்கு விசாரணையில் குரலே உயர்த்தவில்லை. ஆஸ்பத்திரியில் போலீசுக்குக் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் ஹெட்லைட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சம்பவ இடத்தில் கைப்பற்றிய பொருள்களில் செருப்பு உண்டு, ஸ்பேனர் உண்டு, விளக்கு இல்லை. "கீழ விழுந்து தொலைஞ்சிருச்சுங்க" என்றார். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார் சீனியர். எனக்கானால் இன்னும் நாலு கேள்வி கேட்கத் தோன்றியிருக்கும்.

இரண்டாம் சாட்சி எதிர்ச் சாளைக்காரர், அதாவது எதிரே தோட்டத்து வீட்டில் இருப்பவர். "டமார் டமார்னு ரெண்டு தடவை வெடிச்சுதுங்க" என்றார். அரசு வழக்கறிஞருக்கு ஒரே சந்தோஷம். ஒன்று தவறலாம், இரண்டு தவறுமா? எந்த வழக்கிலும் எண்ணத்தைக் கணிக்கிறபோது எத்தனை முறை சுட்டான், எவ்வளவு தூரத்தில், உடம்பில் எங்கே குறி என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் இந்தத் துப்பாக்கியில் ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து கொட்டி, துணி அடைத்து, பால்ரஸ் போட்டு, கம்பியால் இடித்து, கேப் வைக்க வேண்டும். இருட்டில் கை பழகியவனுக்கும் நிமிடக் கணக்காகும். தீபாவளி முடிந்து இரண்டு நாளில் ஊரில் பட்டாசு மிச்சம் இருந்ததா என்று சீனியர் கேட்டார். "பசங்க வெடிச்சுக்கிட்டுத்தானுங்க இருந்தாங்க" என்று சாட்சி நேர்மையாகவே ஒப்புக்கொண்டார்.

ஜூலை 17

ஆடி ஒன்று. டாக்டர் சாட்சி. இடது தொடையிலும் கெண்டைக்காலிலுமாக உருளைகள் பரவலாக ஏறியிருக்கின்றன. சதை கருகவில்லை, மருந்துத்துகள் குத்திய புள்ளியும் இல்லை. அப்படியென்றால் கிட்டத்திலிருந்து சுடவில்லை. எல்லாமே இடுப்புக்குக் கீழே. பன்றியின் உயரம் என்று நாங்கள் சொல்வோம். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் யாருக்கும் காலில்தான் படும் என்று அவர்கள் சொல்வார்கள். சொன்னார்கள்.

விபத்துப் பதிவேட்டில் "தெரிந்த நபர் துப்பாக்கியால் சுட்டதில் காயம்" என்றுதான் இருக்கிறது. கொல்லச் சுட்டான் என்றும் இல்லை, பன்றிக்குச் சுட்டது பட்டது என்றும் இல்லை. இரண்டு தரப்புக்கும் பிரயோசனமில்லாத வரி.

சிகிச்சை 18 நாள். பழைய சட்டத்தில் எலும்பு முறிவு மாதிரி எதுவும் இல்லாவிட்டால், 20 நாள் கடும் வலியோ வேலை செய்ய முடியாமையோ இருந்தால்தான் கொடுங்காயம். புதுச் சட்டம் அதை 15 ஆக்கிவிட்டது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்திருந்தால் இது சாதாரணக் காயமாகவே நின்றிருக்கும்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. பவானி கூடுதுறைக்குப் போகிற கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டது. நான் போய்ச் சேரும்போது தடய அறிவியல் நிபுணர் சாட்சியம் தொடங்கிவிட்டது.

துப்பாக்கி இயங்கும் நிலையில் இருக்கிறது என்றார். சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். குழலுக்குள் புரி இல்லாததால், இந்த உருளை இந்தக் குழலிலிருந்துதான் வந்தது என்று கோடு வைத்துப் பொருத்த முடியாது. வெடித்த தோட்டாக் கூடும் விழாது. வேறு வழக்கில் இது எங்களுக்குப் பெரிய ஆயுதம். இங்கே சுட்டதை ஒப்புக்கொண்ட பிறகு இதனால் ஒன்றுமில்லை. உருளைகள் பரவிய அகலம் மகஜர் தூரத்துக்கு ஒத்துப்போகிறது என்று மட்டும் வாங்கிக்கொண்டோம்.

அப்புறம் இன்ஸ்பெக்டர். துப்பாக்கியைப் பாழுங்கிணற்றிலிருந்து எடுத்தது, இவர் காட்டிய இடத்தில். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றாலும், அதனால் பொருள் கண்டெடுக்கப்பட்ட பகுதி மட்டும் செல்லும். அரசு வழக்கறிஞர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: குற்ற எண்ணம் இல்லாதவன் ஏன் ஒளித்தான்?

இங்கேதான் எனக்குக் கோபமே வந்தது. அதே ராத்திரி, அதே ஆள், காயம்பட்டவரைத் தூக்கித் தன் சின்ன யானை வண்டியில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டு வரை போய் 108இல் ஏற்றியிருக்கிறார். சம்பவத்துக்குப் பிந்தைய நடத்தை சாட்சியம் என்றால் இதுவும் சாட்சியம்தான். திரும்பி வந்து துப்பாக்கியைக் கிணற்றில் போட்டார். துப்பாக்கி சட்ட விரோதம் என்று அவருக்குத் தெரியும், அதைத்தான் அது காட்டுகிறது. கொல்ல நினைத்தார் என்று எப்படிக் காட்டும்? இரண்டு குற்றத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே தராசில் வைக்கிறார்கள்.

வீரப்பன் தேடுதல் நடந்த வருடங்களிலிருந்தே இந்த மலைப்பக்கம் துப்பாக்கி என்றால் போலீசுக்கு வேறு அர்த்தம். அவர் இறந்து 20 வருடம் தாண்டிவிட்டது, பழக்கம் போகவில்லை.

ஜூலை 28

ஆபீசில் இரவு பத்து மணி வரை வாதம். எதிர்த்தரப்போடு அல்ல, நானும் சீனியரும்.

விபத்து என்ற விதிவிலக்கைக் கேட்கலாம் என்றேன். 1952இல் நாக்பூர் உயர் நீதிமன்றம், கழுதைப்புலி என்று நினைத்து ஆளைச் சுட்டவர் வழக்கில், துப்பாக்கிக்கு உரிமமில்லை என்பதற்காக மட்டும் அந்தப் பாதுகாப்பை மறுக்கவில்லை. சீனியர் தலையாட்டினார். பிறகு, "அன்னிக்குக் கழுதைப்புலி. இன்னிக்குக் காட்டுப்பன்னி எந்த அட்டவணை?" என்றார். வன உயிரினச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவற்றின் இரண்டாம் அட்டவணை. சுட முயல்வதே வேட்டைதான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம் என்று இந்த வருடம் வந்த அறிவிப்பும் வனத்துறைக்கு மட்டும்தான், விவசாயிக்கு இல்லை. விதிவிலக்கோ சட்டப்படியான செயலைச் சட்டப்படியான வழியில் செய்யும்போது நேர்ந்ததற்குத்தான். போதாக்குறைக்கு, விதிவிலக்கு என்று கேட்டால் நிரூபிக்கும் சுமை நம் தலையில்.

அவர் எடுத்தது வேறு. குற்றமாகும் மரணத்துக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு, 1860இலிருந்து இருக்கிறது: கோழியைச் சுட்டுத் திருடலாம் என்று ஒருவன் சுடுகிறான், புதருக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாது, ஆள் செத்துப்போகிறான். செய்தது சட்ட விரோதம்தான், ஆனாலும் குற்றமாகும் மரணம் இல்லை, ஏனென்றால் கொல்லும் எண்ணமோ, மரணம் நேரும் என்ற அறிவோ இல்லை. நாம் விதிவிலக்குக் கேட்கவில்லை, குற்றத்தின் உறுப்பே இங்கு இல்லை என்கிறோம். அப்போது சுமை அரசுத் தரப்பிடமே இருக்கும்.

கோழித் திருடனுக்குக் கிடைப்பது பன்றிக்காரருக்கும் கிடைக்க வேண்டும். காப்பி சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தை டைப் செய்தேன்.

ஆகஸ்ட் 1

இருதரப்பு வாதம். அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகை நெருங்குவதால் கோர்ட்டில் கூட்டமே இல்லை.

அரசு வழக்கறிஞர் நன்றாகவே வாதாடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பகை இருக்கிறது, மிரட்டல் இருக்கிறது, ஆயுதம் கொலைக்கருவி. காயம் சிறிதாக இருந்தாலும் 109க்குப் போதும், எண்ணம்தான் முக்கியம். சட்டப்படி இதில் தப்பு ஒன்றுமில்லை.

சீனியர் அவர் விட்ட இடத்திலேயே தொடங்கினார். எண்ணம்தான் முக்கியம் என்றால் எண்ணத்தைக் காட்டுங்கள். கொலை செய்ய நினைத்துத் துப்பாக்கி வாங்கி மருந்து போட்டு வைத்தால்கூட இன்னும் கொலை முயற்சி ஆகாது என்று அந்தப் பிரிவின் எடுத்துக்காட்டே சொல்கிறது. அங்கே எண்ணம் இருந்தும் செயல் இல்லை. இங்கே செயல் இருக்கிறது, எண்ணத்துக்கு ஹெட்லைட் ஒன்றுதான் சாட்சி, அதுவும் கோர்ட்டுக்கு வந்த பிறகு எரிந்த லைட். இந்த இடத்தில் நீதிபதி குறிப்பெடுத்தார்.

ஆகஸ்ட் 20

109இல் விடுதலை. சுடப்பட்டது ஆள் என்று தெரிந்தே சுட்டதாகச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. 125(பி)யில் ஒரு வருடம். ஆட்கள் வந்துபோகும் தடத்தை நோக்கி, என்னவென்று பார்க்காமல் சுட்டது அசட்டை என்கிறது தீர்ப்பு. சரியான தீர்ப்பு என்பது என் கருத்தும்கூட. விந்தி நடக்கிறவருக்கு ஏதோ ஒரு பதில் வேண்டாமா?

25(1பி)(ஏ)வில் 2 வருடம். 27(1)இல் 3 வருடம். எல்லாம் ஏககாலத்தில்.

27தான் உறுத்துகிறது. 1988 திருத்தத்துக்கு முன்பு அந்தப் பிரிவு, சட்ட விரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தும் எண்ணத்தோடு ஆயுதம் வைத்திருப்பதைப் பற்றியது. இப்போது எண்ணம் பற்றிய பேச்சே அதில் இல்லை, உரிமம் வேண்டும் என்கிற 5ஆம் பிரிவை மீறிப் பயன்படுத்தினால் போதும். 25(1பி)யில் தகுந்த காரணம் எழுதிக் குறைக்க இடம் உண்டு, 27(1)இல் 3 வருடத்துக்குக் கீழே இறங்க வழியே இல்லை. 2021இல் சுரீந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொலை முயற்சியை உறுதி செய்துகொண்டே 27இலிருந்து அவரை விடுவித்தது, 5ஐயோ, தடை செய்யப்பட்ட ஆயுதம் பற்றிய 7ஐயோ மீறியதாகக் காட்டப்படவில்லை என்று. அவர் கையில் இருந்தது உரிமமுள்ள துப்பாக்கி. கொல்ல நினைத்தவருக்கு 27 இல்லை, நினைக்காதவருக்கு 3 வருடம். சட்டப்படி இரண்டும் சரி.

தண்டனை 3 வருடத்தைத் தாண்டாததாலும், ஏற்கெனவே ஜாமீனில் இருப்பதாலும் மேல்முறையீடு வரை வெளியில் இருக்க இதே கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டோம். வனத்துறை தனியாக வழக்குப் போடுமா என்று கட்சிக்காரர் கேட்டார். போடலாம் என்றேன். உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள் அவகாசம். நகல் மனு இன்றைக்கே கொடுத்தாயிற்று.