தில்லியில் ஆறு நாள்களும் ஒரு பழைய பள்ளிக்கூடமும்

வீடு திரும்பி இரண்டு நாள்கள் ஆகின்றன. தில்லிக் குளிருக்காக வாங்கிய கம்பளிகளைக் கோவில்பட்டி வெயிலில் உலர்த்திக்கொண்டிருக்கும் இப்போதும், நிஜாமுதீன் ரயில் நிலைய வாசலில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் எங்களிடம் பறித்த 450 ரூபாய் மனத்தை விட்டு அகலவில்லை. தில்லியில் ஆட்டோவுக்கு முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாயும் அதன்பின் கிலோமீட்டருக்கு 11 ரூபாயும் அரசு நிர்ணயித்த கட்டணம். நாங்கள் தங்கவிருந்த இராமகிருஷ்ணபுரம் அங்கிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 150 ரூபாயைத் தாண்டாது. இரண்டு இரவுகள் ரயிலில் வந்த களைப்பில், கையில் மூன்று பைகளோடு, அரைகுறை இந்தியில் வாதாட எங்களுக்குத் தெம்பில்லை என்பதை அந்த மனிதர் முகத்தைப் பார்த்தே கணித்துவிட்டார். நிலையத்தை ஒட்டியே சராய் காலே கான் மெட்ரோ இருக்கிறது. அங்கே இளஞ்சிவப்புத் தடத்தில் ஏறினால் ஐம்பது ரூபாய்க்குள் இராமகிருஷ்ணபுரத்துக்குப் பக்கத்திலுள்ள மோதி பாக்கில் இறங்கிவிடலாம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. நீங்கள் போகிறவராக இருந்தால் ஆட்டோ வரிசைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் போனோம். நான் தமிழாசிரியை. திருக்குறள் என்ற பெயரில் ஓடுகிற விரைவு ரயிலில் ஏறித் தலைநகருக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை என்றாலும், புறப்பட்டதற்கு உடனடிக் காரணம் என் பெரியப்பா மகன். மத்திய அரசு அலுவலகமொன்றில் வேலை பார்க்கும் அண்ணன் இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யுமுன் ஒருமுறை வந்து போகும்படி மதினி பலமுறை அழைத்திருந்தார். தங்கும் செலவு மிச்சம் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது.

முதல் நாள் இரவு அண்ணன், "நாளைக்கு உனக்கு நான் படிச்ச பள்ளிக்கூடத்தைக் காட்டணும், செங்கோட்டையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அவர் சொன்னபடியே செங்கோட்டை கடைசிவரை விட்டுப்போயிற்று. அதில் எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை.

அவர் அழைத்துப் போனது மந்திர் மார்க் என்னும் சாலைக்கு. பிர்லா மந்திர் இருக்கும் சாலை என்றால் சுற்றுலாப் பயணிகளுக்குப் புரியும். பேருந்துகள் அந்தக் கோயிலுக்கு எதிரே கூட்டத்தை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. அதே சாலையில்தான் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் மிகப் பழைய பள்ளி இருக்கிறது. 1911இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக ஆங்கில அரசு அறிவித்த பின், சென்னை மாகாணத்திலிருந்து எழுத்தர்களும் கணக்கர்களும் தில்லிக்கு வரத் தொடங்கினர். கோடை வந்தால் அரசாங்கம் முழுவதும் கோப்புகளோடு சிம்லாவுக்கு ஏறிவிடும். குளிர் தொடங்கினால் இறங்கும். ஆண்டுக்கு இருமுறை ஊர் மாறும் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே, எந்த மொழியில் படிப்பது? அதற்காக 1923இல் மதராசி கல்விக் கழகம் என்ற பெயரில் ஒரு தொடக்கப்பள்ளியை அவர்களே தொடங்கினார்கள். தகப்பன் சிம்லா போனால் பள்ளியும் சிம்லா போயிற்று. தகப்பன் தில்லிக்கு வந்தால் பள்ளியும் வந்தது.

மூட்டை முடிச்சுகளோடு கரும்பலகையும் மலை ஏறி இறங்கியிருக்கும் என்று நினைத்தபோது, வெயிலில் நின்றிருந்த எனக்குச் சிலிர்த்தது. சம்பளம் குறைவு, மொழி தெரியாத ஊர், வாடகை, குளிர் என்று எத்தனையோ கவலைகளுக்கு நடுவில் அந்த எழுத்தர்கள் முதலில் கட்டியது பள்ளிக்கூடம். தில்லித் தமிழர்களின் அடையாளம் என்று எல்லோரும் காட்டுகிற, வாசலில் 'யாமிருக்க பயமேன்' என்று எழுதியிருக்கும் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1973இல். தில்லித் தமிழ்ச் சங்கம் பிறந்தது 1946இல். பள்ளியோ இவை இரண்டுக்கும் முன்பே வந்துவிட்டது. எந்த ஊரிலும் ஒரு சமூகம் நிலைத்து வேர்விடுவது வகுப்பறையில்தான் என்று நான் இத்தனை ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிவந்ததற்கு, இந்த மூன்று ஆண்டுகளையும் விட நல்ல சான்று எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

தமிழர்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. அதே மந்திர் மார்க்கில் 1925இல் தொடங்கிய ரைசினா வங்காளிப் பள்ளி இருக்கிறது. 'மதராசி' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்ட தென்னாட்டினர் பின்னர் தத்தம் மொழிக்கெனப் பள்ளிகள் அமைத்தார்கள். தெலுங்குப் பிள்ளைகளுக்காக 1948இல் ஆந்திரக் கல்விச் சங்கத்தை நிறுவியவர் துர்காபாய் தேஷ்முக். அவர் பெயரில் இப்போது ஒரு மெட்ரோ நிலையமே இருக்கிறது. இராமகிருஷ்ணபுரத்துக்கு வந்து போகும்போதெல்லாம் அந்தப் பெயர் அறிவிப்பில் கேட்கும்.

அனுமதி பெற்றுப் பள்ளி வளாகத்தில் அரை மணி நேரம் இருந்தோம். இன்று கழகத்துக்கு மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், இராமகிருஷ்ணபுரம், மோதி பாக், பூசா சாலை, ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் பள்ளிகள் உள்ளன. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளும் நிறையப் படிக்கிறார்கள். வராந்தாவில் நின்ற சிறுமி ஒருத்தி, வீட்டில் பஞ்சாபி பேசுகிறவள், நான் ஆசிரியை என்று தெரிந்ததும் கல்வி அதிகாரத்திலிருந்து ஒரு குறளைத் தானாகவே ஒப்பித்துக் காட்டினாள். அவள் நாக்கில் ழகரம் அத்தனை சுத்தமாக வந்தது. என் வகுப்பில் பாதிப்பேர் அதை ளகரமாகவே ஒலிப்பார்கள். திருத்தித் திருத்தி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் யாரென்று தெரியவில்லை, அவரை நான் வணங்குகிறேன்.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வால்மீகி கோயில். 1946-47இல் காந்தி 214 நாள்கள் தங்கியிருந்த அறை இங்கே காக்கப்படுகிறது. துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பில் தங்கி, நாட்டின் விடுதலைப் பேச்சுகள் நடந்த அந்த நெருக்கடியான மாதங்களில், அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர் பாடமும் சொல்லிக்கொடுத்தார். கரும்பலகையைப் பார்த்தபடி என் மகள் வெகுநேரம் பேசாமல் நின்றாள். உள்ளே போகக் கட்டணம் கேட்கவில்லை. நாங்கள் இருந்த நேரத்தில் வேறு யாரும் வரவுமில்லை. பிர்லா மந்திருக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது இங்கே வர வேண்டும்.

அதே சாலையில் சாகித்திய அகாதெமியின் புத்தக விற்பனைப் பிரிவும் இருக்கிறது என்பதை அண்ணன் கடைசியில்தான் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் பையில் இன்னும் கொஞ்சம் பணம் எடுத்து வந்திருப்பேன். 24 மொழிகளுக்கு விருது வழங்கும் நிறுவனம் ஒரு மொழியின் நூலை இன்னொரு மொழியில் தரும் மொழிபெயர்ப்புகள்தாம் என்னை இழுத்தன. பள்ளி நூலகத்துக்கென்று எடுத்து வைத்தவற்றில் பாதியைத் திரும்ப அடுக்கில் வைக்க நேர்ந்தது. ஆட்டோவுக்கு அதிகமாகக் கொடுத்த 300 ரூபாய் இருந்திருந்தால் இரண்டு புத்தகங்களாவது கூடுதலாக வந்திருக்கும் என்று அப்போதும் எரிச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகிளா ஹாட்டில் கூடும் பழைய தரியாகஞ்ச் புத்தகச் சந்தையில் அந்தக் குறையை மகள் தீர்த்துக்கொண்டாள், எடைக்கு விற்கிறார்கள். தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. அன்று மதியம் மதினி வைத்திருந்த முள்ளங்கிச் சாம்பாருக்கு ஈடாக நான் எங்கும் சாப்பிட்டதில்லை. தில்லிக் குளிரில் விளையும் முள்ளங்கி காரமில்லாமல், நீர் ததும்ப இருக்கிறது. கூடவே அங்கே குளிர்காலத்தில் மட்டும் வரும் சிவந்த கேரட்டில் தேங்காய் போட்ட பொரியல், மோர்க்குழம்பு, ஊரிலிருந்து நான் கொண்டுபோன சீவல் வத்தல். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸின் பால்கனி வெயிலில் பாய் விரித்து உட்கார்ந்து, மூன்று மணி வரை சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். அலமாரியில் கணையாழியின் பழைய இதழ்கள் கட்டுக்கட்டாக இருந்தன. 1965இல் தில்லியில் தொடங்கப்பட்ட பத்திரிகை அது. பெரியப்பா சந்தா கட்டி வாங்கியவை.

அவற்றுக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் நாட்குறிப்புகளும் இருந்தன, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டவை, நெருக்கமான தமிழ்க் கையெழுத்தில். அண்ணனின் மகள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். ஒன்றை எடுத்து, தாத்தா முதல் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பிய மணியார்டர் பற்றிய பக்கத்தைத் தடையின்றி வாசித்தாள். அவளைவிட ஆறு வயது இளையவனான தம்பி, பெரிய பெயரும் பெரிய கட்டணமும் உள்ள ஒரு தனியார் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. "அக்கா, அடுத்த பக்கம் வாசி" என்று அவன் கேட்டபோது அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவனை மாத்தினது என் தப்பு, தங்கச்சி" என்றார். ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன், ஒரே சாம்பார். ஒரு பிள்ளைக்குத் தாத்தா கிடைத்துவிட்டார், இன்னொரு பிள்ளைக்கு அக்காவின் குரல் வழியாக மட்டுமே கிடைக்கிறார். பண்பாடு ரத்தத்தில் வரும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பிள்ளைகள் இருவரையும் பார்க்க வேண்டும்.

நான்காம் நாள் பாரதியின் பெயர் தாங்கிய சாலையைப் பார்த்துவிட்டு, லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியின் வாசலுக்குப் போனோம். பள்ளி விடும் நேரம். மகனுக்காகக் காத்திருந்த ஓர் அம்மா எங்கள் தமிழைக் கேட்டதும் தாமாகவே வந்து பேசினார். பூர்வீகம் விழுப்புரம் பக்கத்து ஊர். வீட்டு வேலை செய்கிறார். ஜங்புராவில் பாராபுலா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி முகாம் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். 2025 ஜூன் 1ஆம் நாள், வடிகாலைச் சீரமைப்பதற்காக உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அந்த முகாமின் 370 வீடுகளும் இடிக்கப்பட்டன; மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று முதலில் அறிவிக்கப்பட்டவை 189 குடும்பங்கள். வீடு ஒதுக்கப்பட்ட நரேலாவோ நகரின் வடகோடியில், நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். "அங்க தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்ல, டீச்சர். ஒம்பதாவது வரைக்கும் தமிழ் படிச்ச புள்ளைய எப்படி நிறுத்துறது?" என்றார். ஆகவே தாயும் மகனும் விடியுமுன் புறப்பட்டு வந்து, இருட்டிய பின் வீடு சேர்கிறார்கள்.

அந்தத் தூரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதாது என்று தோன்றியது. நாங்களும் வருகிறோம் என்று சொன்னதற்கு அவர் முதலில் சம்மதிக்கவில்லை. மெட்ரோ கட்டுப்படியாகாது என்பதால் அவர்கள் போவது பேருந்தில்தான்; காஷ்மீரி கேட்டில் மாற வேண்டும். முதல் பேருந்து எப்படியோ நகர்ந்தது. இரண்டாவதில் ஏறியது என் வாழ்நாளின் மிக மோசமான பயணம் என்று தயங்காமல் சொல்வேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பின் வந்த வண்டி, ஏற முடியாத அளவுக்கு ஏற்கெனவே நிறைந்திருந்தது. உள்ளே போன பிறகு கம்பியைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை, நான்கு பக்கமும் தோள்கள் தாங்கின. ஒரு சன்னல் கண்ணாடி உடைந்திருந்தது, அதன் வழியே வந்த குளிர்காற்று காதை அறுத்தது. லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று ஒன்றரை மணி நேரம். என் மகளுக்குக் குமட்டல் வந்துவிட்டது. அந்தப் பையனோ முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, அதன்மேல் தமிழ்ப் பாடநூலை விரித்து, கூட்டத்தின் நடுவே நின்றபடியே மனப்பாடப் பகுதியைப் படித்துக்கொண்டு வந்தான். தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். "வீட்ல போனா தூக்கம் வந்துடும், டீச்சர்" என்றான்.

வடிகாலைச் சீரமைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடும்பங்களை மாற்றுமுன், அந்தப் பிள்ளைகள் எந்த மொழியில் எந்தப் பள்ளியில் தொடர்ந்து படிப்பார்கள் என்பதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். 1923இல் ஒரு பள்ளியே பிள்ளைகளோடு சிம்லாவுக்கு இடம்பெயர்ந்தது. அரசு எழுத்தர்களின் பிள்ளைகளுக்கு அன்று முடிந்தது, வீட்டு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இன்று ஏன் முடியவில்லை? வாரத்துக்கு மூன்று நாள் ஒரு தமிழாசிரியர் நரேலாவுக்குப் போய் வந்தால்கூடப் போதுமே. தில்லித் தமிழ் அமைப்புகளில் பொறுப்பில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஒருநாள் மாலை அந்தப் பேருந்தில் ஏறிப் பாருங்கள் என்று உண்மையாகவே வேண்டிக் கேட்கிறேன்.

அவர்கள் வீட்டில் காப்பி குடித்தோம். சுவரில் ஈரம்; அலமாரி என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. பையனிடம் பாடநூலைத் தவிர வேறு தமிழ்ப் புத்தகம் எதுவும் கிடையாது, முகாமிலிருந்தவை வீட்டைக் காலி செய்த அவசரத்தில் போய்விட்டன. கதைப் புத்தகம் பிடிக்குமா என்றதற்கு, பேய்க் கதையும் கிரிக்கெட்டும் என்றான். திரும்பும்போது சமய்பூர் பத்லியில் மெட்ரோ பிடித்து, அண்ணன் வீட்டுக்கு வர இரவு பத்தாகிவிட்டது.

ஐந்தாம் நாள் தமிழ்ச் சங்க நூலகத்தில் கழிந்தது. ஆறாம் நாள் ரயில்.

மொத்தச் செலவை நேற்று எழுதிப் பார்த்தேன்: இருவருக்கும் ரயில், உள்ளூர்ப் பயணம், புத்தகங்கள், கம்பளி எல்லாம் சேர்த்து நான் ஒதுக்கியதைவிட 2,300 ரூபாய் கூடுதல். அடுத்த மாதம் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆனாலும் புத்தகம் அனுப்புவதற்கு அஞ்சல் துறையில் ஞான் போஸ்ட் என்று ஒரு சேவை இருக்கிறது. 2025 மே மாதம் தொடங்கியது. ஐந்து கிலோ வரை அனுப்ப, வரி நீங்கலாக, நூறு ரூபாய்தான். எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் அந்த நரேலாப் பையனைப் பற்றிக் காலையில் சொன்னேன். மாலைக்குள் என் மேசையில் இருபத்தொரு புத்தகங்கள் சேர்ந்துவிட்டன, அவற்றில் ஒன்பது பேய்க் கதைகள். கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றுதான் கிடைத்தது. நாளை சனிக்கிழமை, அஞ்சலகம் மூடுமுன் போக வேண்டும்.