பழைய கணினியிலிருந்து நாஸுக்கு: தமிழ்க் கோப்புப் பெயர் வைத்த சோதனை

எங்கள் வீட்டு மேசைக் கணினிக்கு வயசாகிவிட்டது. பிராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்பதால் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆனால் என்னை அவசரப்படுத்தியது ஹார்ட் டிஸ்க்தான். டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் மஞ்சள் எச்சரிக்கை. பழுதான செக்டர்களை ஒதுக்கிய கணக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறியிருந்தது. உள்ளே இருப்பதோ குடும்பப் படங்கள், கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டியின் குரல், அப்பா எழுத்தராக இருந்த சங்கத்தின் தீர்மானங்கள். எல்லாவற்றையும் ஒரு நாஸுக்கு, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பயன்படுத்தும் கோப்புப் பெட்டிக்கு, மாற்ற முடிவெடுத்தேன்.

"அந்தப் பெட்டியிலேயே ட்ரூநாஸ் போட்டுக்கொள், காசு மிச்சம்" என்றார் நண்பர். ட்ரூநாஸ் என்பது சாதாரணக் கணினியையே நாஸாக மாற்றும் இலவச மென்பொருள். கணக்குப் போட்டேன். பழைய கணினி சும்மா இருந்தாலே 70 வாட் இழுக்கும் என்று வைத்தால், 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். மின்வாரியம் இலவசமாகத் தரும் 100 யூனிட்டையும் அதுவே விழுங்கிவிடும். இரண்டு டிஸ்க் போடும் சின்ன நாஸுக்கு 20 வாட் போதும். அதையே வாங்கி, 4 டெராபைட் டிஸ்க் இரண்டு மாட்டி ரெய்டு 1 வைத்தேன். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும், ஆகவே கையில் கிடைப்பது 4 டெராபைட்தான். விண்டோஸ் அதை 3.6 என்று காட்டும், பயப்பட வேண்டாம்.

முதல் தடங்கல் கேபிள். நகல் எடுக்க ஆரம்பித்தால் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை. அந்த எண்ணைப் பார்த்தாலே 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்று புரிந்துவிடும். சுவரோரம் போட்டிருந்த பழைய லேன் கேபிளில் நாலு கம்பிதான் கிரிம்ப் செய்திருந்தார்கள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிளை மாற்றியதும் பெரிய வீடியோக்கள் 100-க்குப் பக்கத்தில் ஓடின. ஒரு டெராபைட்டுக்கு ஒரு நாள் முழுக்க ஆகும் வேலை மூன்று மணி நேரத்துக்குள் அடங்கியது.

இழுத்துப் போட்டு நகல் எடுக்காமல், விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகல் கட்டளையைப் பயன்படுத்தினேன். பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும், கோப்பின் கடைசியாகத் திருத்திய தேதியும் மாறாது. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி உள்ளே இருக்காது, கோப்பின் தேதியும் போய்விட்டால் வரிசைப்படுத்தவே முடியாது. பழுதான டிஸ்க் என்பதால் மறுமுயற்சியை ஒன்றாகக் குறைத்தேன், இல்லையென்றால் ஒரே கோப்பில் மணிக்கணக்காக நிற்கும். இன்னொன்று: எது போனது, எது போகவில்லை என்று அது எழுதும் பதிவேட்டுக்குக் கட்டளையில் லாக் என்று கொடுக்காமல் யூனிலாக் என்று கொடுக்க வேண்டும். சாதாரண லாகில் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். எந்தக் கோப்பு போகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. போகாமல் நின்றவற்றில் பழுதான கோப்புகள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அப்பா பெயர் வைத்தவை. அவர் கோப்புக்குப் பெயர் வைப்பதில்லை, கடிதம் எழுதுவார். உதாரணத்துக்கு ஒரு ஜிப் கோப்பு: 'பெரியகுளம் சித்தப்பா வீட்டு காதுகுத்து அன்று மதியம் பந்தியில் அக்கா கேமராவில் எடுத்த படங்கள் முதல் பகுதி'. விண்டோஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 255 இடம். இதற்கு இடைவெளி, ஜிப் எல்லாம் சேர்த்து 108-தான், தாராளமாக உட்கார்ந்திருந்தது. நாஸ் ஓடுவது லினக்ஸில். அங்கே அடுக்கும் முறை இஎக்ஸ்டி4 ஆனாலும் பிடிஆர்எஃப்எஸ் ஆனாலும் வரம்பு 255 பைட். அங்கே எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று. அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே ஐந்து குறியீடு, 15 பைட். அப்பாவின் ஜிப் கோப்பு 292 பைட். எப்படி ஏறும்?

கோப்புறையை ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். பெயருக்கு 143 பைட்தான் மிஞ்சும், அதாவது தமிழில் 47 குறியீடு. அந்த யோசனையைக் கைவிட்டேன்.

விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ஒரு சின்ன கட்டளை எழுதி, யூடிஎஃப்-8 கணக்கில் 255-ஐத் தாண்டும் பெயர்களை மட்டும் பட்டியலாக எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

"பேர் நீளமா இருந்தாத்தானேடா எதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும்?"

நியாயமான கேள்வி. விவரத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக் கோப்புறைக்குக் கொடுத்தோம். ஆண்டுக்கு ஒன்று, அதற்குள் 'பெரியகுளம் காதுகுத்து', அதற்குள் 'பந்தி 1'. அவரே உட்கார்ந்து மாற்றினார். இந்த இடமாற்றத்தில் அதிக நேரம் போனது இதற்குத்தான். நாஸ் விளம்பரம் எதிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சங்கத் தீர்மானங்கள் வேறு கதை. அவை யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டும். கோப்பு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, ஆனால் வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. எழுத்துருக்கள் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருப்பதால், ஆவணங்களை மட்டும் அள்ளினால் அவை கூட வராது. பாமினியைத் தனியாக எடுத்து நாஸில் அந்த ஆவணங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். ஆனாலும் நாஸின் தேடலில் 'தீர்மானம்' என்று போட்டால் அவை வராது. முக்கியமானவற்றை என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றி வருகிறோம். மூலக் கோப்பை அழிக்கவில்லை.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரை, பேட்டரிக்குச் சட்டென்று மாறும் யூபிஎஸ் மோடில் வைத்தேன். சாதாரண மோடில் மாறும் அந்த நொடியில் நாஸ் அணைந்து அணைந்து எரிந்தது. வெளியூரிலிருந்து பார்க்க ரூட்டரில் போர்ட் எதையும், அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி எதையும், திறக்கவில்லை. 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) இணையத்துக்குத் திறந்து கிடந்த வீட்டு நாஸ்களைத்தான் பூட்டியது. வெளியிலிருந்து நேராக வீட்டை அடைய வேண்டிய பொது ஐபி முகவரியை எங்கள் இணைய நிறுவனம் தருவதும் இல்லை. நம் சாதனங்களை மட்டும் பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் மென்பொருளைப் போட்டதும் வேலை முடிந்தது.

ரெய்டு 1 டிஸ்க் பழுதுக்குத்தான் காவல். யாராவது கோப்பை அழித்தால் இரண்டிலிருந்தும் சேர்ந்தே அழியும். அதனால் இன்னொரு யூஎஸ்பி டிஸ்கில் முழு நகல் எடுத்து மதுரையில் அக்கா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், புதுசு சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.