கந்தகத்துக்கு வாய்தா மேல் வாய்தா
அனல்மின் நிலையங்கள் கக்கும் கந்தக டை ஆக்சைடைக் குறைக்க 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது, கெடு 2 வருஷம். அப்புறம் 2022 என்றார்கள், அதுவும் தள்ளிப்போய், கடைசியில் 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை: புகை மேலே ஏறும்போது சுண்ணாம்புக்கல் கரைசலைப் பீய்ச்சினால் கந்தகம் அதில் மாட்டிக்கொண்டு ஜிப்சமாகக் கீழே வந்துவிடும், சிமெண்ட் ஆலைக்கு விற்கலாம். செலவு அதிகம், சரி, ஒப்புக்கொள்கிறேன். 'நம்ம நிலக்கரியில் கந்தகம் கம்மி' என்கிற வாதத்தைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. கம்மிதான், ஆனால் எரிப்பது கோடிக்கணக்கான டன் ஆச்சே! அந்த வாயு காற்றில் போகப் போக நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் நுரையீரலுக்குள்ளும் போகும். வாயுவை மட்டும் அளந்துவிட்டு 'எல்லாம் வரம்புக்குள்தான்' என்றால் எப்படி?