டெக்சாஸ் லேக் ஃபோர்க் ஏரி, கயாக்கில் பாஸ் மீன் பிடிக்கும் குறிப்பு, மாசி முதல் சித்திரை வரை

பிப்ரவரி 13

விடியற்காலை, லிட்டில் கேனி (ஏரியின் ஓர் ஓடைக் கை). தண்ணீர் 49 டிகிரி பாரன்ஹீட். மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் 54. இந்த 54-ஐப் பார்த்து, மீன் ஏறிவிட்டது என்றுதான் ஆளாளுக்குக் கரையோரம் ஓடுகிறார்கள். சோனார் சென்சார் அளப்பது மேல்மட்டத் தண்ணீரை மட்டும். வெயில் இறங்கினால் அந்தச் சூடும் இறங்கிவிடும். குறித்து வைக்க வேண்டியது விடியற்கால எண். அதைவிட முக்கியம், ராத்திரி காற்று எவ்வளவு குளிர்ந்தது என்பது.

பிப்ரவரி 15

ராத்திரி 33. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 18

தண்ணீர் 51. ஜெர்க்பெய்ட் (சுண்டிச் சுண்டி இழுக்கும் மீன் வடிவச் செயற்கை இரை) தவிர வேறெதையும் மீன் மதிக்கவில்லை. 10 பவுண்ட் ஃபுளோரோகார்பன் தூண்டில் நரம்பு, இரண்டு சுண்டு, நிறுத்தம். நிறுத்தம் என்றால் முழுசாகப் பத்து விநாடி. கை சும்மா இருக்காதவர்கள் வாய்விட்டு எண்ணலாம். கடி அந்த நிறுத்தத்தில்தான் வரும். இடிக்காது, நரம்பு கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

பெட்டியில் "சஸ்பெண்டிங்" (மிதக்காமலும் மூழ்காமலும் நிற்பது) என்று அச்சடித்திருப்பதை அப்படியே நம்பக்கூடாது. குளிர்ந்த தண்ணீருக்கு அடர்த்தி கூட. 65-இல் அசையாமல் நிற்கும் லூர் (செயற்கை இரை) 50-இல் மெல்ல மேலே ஏறும். கயாக் ஓரத்தில் ஓரடி ஆழத்தில் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். மூக்கு லேசாகச் சாய்ந்து அப்படியே நின்றால் சரி. ஏறினால் முன் முள்ளுக்குப் பின்னால் வயிற்றில் ஓர் ஈயப் பொட்டு. நரம்பைத் தடிமனாக்கிச் சரிக்கட்டப் பார்த்தால் மூக்கு மட்டும் இறங்கும், ஆட்டமும் கெடும்.

பிப்ரவரி 19

வாடை 24 மைல். கயாக் வீட்டில்.

பிப்ரவரி 22

டெக்சாஸ் ரெக்கார்ட் பாஸ் 18.18 பவுண்ட். 1992 ஜனவரி, இதே ஏரி. கிராப்பி என்ற சின்ன மீனுக்காகப் போட்ட உயிர்மீனில் ஏறியது. லூர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது.

பிப்ரவரி 26

ராத்திரி 52, 55, 54. தொடர்ந்து மூன்று சூடான ராத்திரி. இதற்குத்தான் காத்திருந்தது.

விடியலில் தண்ணீர் 56. முதலில் சூடேறுவது வடமேற்கு மூலைகள். வாடை படாது, தெற்கு வெயில் நாள் முழுக்க விழும். ஆனால் மீன் ஒரே மூச்சில் கரைக்கு வந்துவிடாது. க்ரீக் (ஓடை) பள்ளத்தை ஒட்டி ஐந்தாறு அடியில் பாசி விளிம்பு எங்கே இருக்கிறதோ, அங்கே வந்து தங்கும். அரை அவுன்ஸ் லிப்லெஸ் கிராங்க்பெய்ட் (உதட்டுத் தகடு இல்லாத, மூழ்கும் மீன் வடிவ லூர்), கிராஃபிஷ் (நன்னீர் நண்டு இறால்) சிவப்பு. ரீல் 7:1 (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று), நரம்பு 17 பவுண்ட் ஃபுளோரோகார்பன். வீசிவிட்டு, பாசித் தலையில் உரசும் வரை இறக்கி, அப்புறம் இழுப்பு. மாட்டினால் ஒரே வெட்டாகப் பிய்த்து எடுக்க வேண்டும். பிய்ந்து வரும் அந்தக் கணத்தில்தான் அடி விழுகிறது. மாட்டவே இல்லையென்றால் பாசிக்கு மேலே வெறும் தண்ணீரில் ஓடுகிறது என்று அர்த்தம்: வேகத்தைக் குறை, இல்லை முக்கால் அவுன்ஸுக்குப் போ.

விறைப்பான ராடு இதற்கு ஆகாது. மும்முள் சின்னது, பிடிப்பு குறைவு. மீன் வாயைப் பிளந்து தலையை உதறும்போது ராடு வளைந்து கொடுக்காவிட்டால் முள் கழன்றுவிடும். நீளாத பின்னல் நரம்பிலும் (பிரெய்ட்) அதே கதை. ஏழடி ராடு, நடுவரை வளைவது போதும்.

இந்தப் பாசியின் பெயர் ஹைட்ரில்லா, 1950-களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்தது. நம்மூர்க் குளத்துப் பாசியைத் தேடி டெக்சாஸில் சோனாரோடு அலைய வேண்டியிருக்கிறது.

மார்ச் 4

குளிர்காற்று முகப்பு (ஃப்ரண்ட்) வந்துவிட்டது. ராத்திரி 36. நேற்று 59 இருந்த தண்ணீர் இன்று 54. துடைத்துவிட்ட நீல வானம், ஒரு மேகம் இல்லை. நேற்று அடித்த அதே விளிம்பில் லிப்லெஸுக்கு ஒரு தட்டுகூட இல்லை.

மீன் எங்கும் ஓடிவிடவில்லை. பாசிக்குள்ளே, அடிமரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. துரத்தாது, வாய்க்கு முன்னால் வந்தால் உறிஞ்சும். கறுப்பு-நீல ஜிக் (ஈயத்தலை முள்), 3/8 அவுன்ஸ். மரத்தின் நிழல் பக்கம் இறக்கிவிட்டு ஆட்டாமல் வைத்திருப்பது. ஒரு மரத்துக்கு நாலைந்து முறை, கோணம் மாற்றி மாற்றி. பொறுமையைத் தின்னும் வேலை.

மார்ச் 5

ராத்திரி 38. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மார்ச் 10

மழை. க்ரீக் தலைப்பகுதி தேநீர் நிறம், லூர் ஓரடியில் மறைகிறது. கலங்கல் என்றதும் திரும்பிப் போகிறவர்கள் போகட்டும். கலங்கல் தண்ணீர் வெயிலை உள்வாங்கிச் சீக்கிரம் சூடேறும். தெளிந்த ஓடைக் கையில் 57, இங்கே 60. சாட்டர்பெய்ட் (முன்னால் துடிக்கும் தகடு வைத்த ஜிக்) 3/8, கறுப்பு-நீலம். பின்னால் தடித்த டிரெய்லர் (ரப்பர் வால்) மாட்டினால் இறங்காமல் மிதந்துகொண்டு வரும், ஆழமற்ற இடத்துக்கு அது நல்லது. தகடு துடிப்பது கைப்பிடி வரை தெரிய வேண்டும். துடிப்பு நின்றால் ஒன்று பாசி, இல்லை மீன். சந்தேகம் வந்தால் ராடை வெட்டி இழுத்து முள்ளை ஏற்றிவிடுவதே மேல்.

மார்ச் 17

ராத்திரி 57, 58, 60. தண்ணீர் 63. பௌர்ணமி முடிந்துவிட்டது, மீன் இனிமேல் முட்டையிடக் கரைக்கு ஏறாது என்று படகுத்துறையில் பேசிக்கொள்கிறார்கள். நிலா எந்தக் கட்டத்தில் இருந்தாலும், தண்ணீர் 60-க்கு மேல் நிலையாக நின்றால் மீன் ஏறும்.

கூடுகள் தெரிகின்றன. இரண்டு மூன்று அடியில், தாம்பாள அகலத்துக்கு வாலால் துடைத்த வெளிறிய வட்டம், அடியில் கெட்டி மண் அல்லது வேர். பக்கத்தில் இரண்டு பவுண்ட் ஆண். பெண் கொஞ்சம் தள்ளி, ஆழ விளிம்பில், வந்து வந்து போகும். விராலுக்கு இருப்பது போல் இங்கேயும் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் உண்டு, ஆனால் வேலை முழுக்க ஆணுக்கு. ஆணைத் தூக்கினால் புளூகில் என்ற சின்ன மீன் கூட்டம் உடனே முட்டையை மேயும். பிடித்தால் அங்கேயே, அப்போதே விட வேண்டும். படகுத் தொட்டியில் போட்டு ஏரி முழுக்கச் சுமந்து போய்ப் போட்டி எடை மேடையில் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

மார்ச் 20

காற்று.

மார்ச் 23

கூட்டில் இருப்பதைச் சீண்டுவதைவிட, கூட்டுக்கு வெளியே சுற்றும் மீனுக்கு வாக்கி ரிக் (புழுவின் நடுவில் முள் கோர்க்கும் முறை). ஐந்தங்குல ரப்பர் குச்சிப்புழு, நடுவில் ஓ-ரிங், 1/0 முள், ஈயம் கிடையாது. நரம்பு தளர்ந்தே இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் புழுவின் இரு நுனியும் துடிக்காது, பெண்டுலம் போல நம்மை நோக்கி வந்துவிடும். விழும்போது நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் கடி. ஓ-ரிங் இல்லாமல் முள்ளை நேராகக் குத்தினால் ஒரு மீனுக்கு ஒரு புழு கணக்கு.

மார்ச் 31

ஷேர்லங்கர் (பெரிய பாஸை முட்டைக்காக வாங்கும் டெக்சாஸ் அரசுத் திட்டம்) வண்டிக்கு இன்று கடைசி நாள். நாளையிலிருந்து 13 பவுண்ட் பிடித்தாலும் முட்டைக்காக ஏதென்ஸ் பண்ணைக்குப் போகாது.

ஏப்ரல் 6

ராத்திரி 44. ஏப்ரலில்! தண்ணீர் 66-லிருந்து 62. கூட்டில் ஆண் நிற்கிறது, பெண் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 12

அளவுப் பலகை. வாய் மூடி, முட்டுப் பலகையில் இடித்து, வாலைச் சேர்த்துக் கிள்ளி அளக்க வேண்டும். வாலை விரித்து வைத்தால் கால் அங்குலம் குறையும். இந்த ஏரியில் 16-லிருந்து 24 அங்குலம் வரை திரும்ப விட்டாக வேண்டும். 24-க்கு மேல் நாளைக்கு ஒன்று. எல்லையில் இருக்கும் மீனுக்கு வாதம் வேண்டாம், தண்ணீரில் விடு.

ஏப்ரல் 25

தண்ணீர் 71. விடியலில் பாசி விளிம்பு முழுக்க, பாஸுக்கு இரையாகும் ஷாட் (shad) மீன் முட்டையிடுகிறது. லூரின் பின்னாலேயே ஷாட் கூட்டம் கயாக் வரை துரத்தி வந்தால் இடம் சரி. வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்த லூர்), 3/8, இரண்டும் வில்லோ இலைத் தகடு. வெயில் மரத்துக்கு மேலே ஏறினால் கடை சாத்தியாகிவிடும், அதிகம் போனால் ஒரு மணி நேரம். டிரெய்லர் முள் (பின்னால் கூடுதல் முள்) போட்டால் பாசியை வாரிக்கொண்டு வருகிறது, எடுத்துவிட்டால் பாதிக் கடி தப்புகிறது. நாளைக்கு 154-ஆம் நெடுஞ்சாலைப் பாலத்துக் கல்கரையில் பார்க்க வேண்டும், அங்கே பாசித் தொல்லை இருக்காது.