பூசை முடிந்ததும் ஐந்து நிமிடம்

கண் வங்கி ஒன்றின் சார்பில் நீலகிரியில் கண்தானம் பற்றிப் பேசுவது என் வேலை. கல்லூரி, எஸ்டேட், வங்கிக் கிளை எல்லா இடத்திலும் பேசியிருக்கிறேன். ஆனால் அதிகம் பேசியது கிறிஸ்தவக் கோயில்களில்தான். குன்னூர், கேத்தி, கோத்தகிரி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு சபை இருக்கும். வீட்டில் முடிவெடுக்கும் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் இடம் வேறு எது?

நான் இந்து. நெற்றியில் குங்குமத்தோடுதான் போவேன். கோயிலுக்குள் நுழையும்போது சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துக்கொள்வேன், அது மரியாதை. 'ஸ்தோத்திரம்' என்று ஆரம்பிக்கச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. நம்பிக்கை இல்லாதவர் வாயிலிருந்து அது வந்தால் வேஷம் என்று முன்வரிசைப் பாட்டிக்கு உடனே தெரிந்துவிடும். வணக்கம் போதும்.

கிறிஸ்தவர்கள் என்று ஒரே கூட்டமாக நினைத்துக்கொண்டு தயாரானால் வேலைக்கு ஆகாது. கத்தோலிக்கக் கோயிலில் பூசையில் நன்மை (அப்பம்) வாங்கி முடிந்து, இறுதி ஆசீருக்கு முன்னால் அறிவிப்பு நேரத்தில் ஐந்து நிமிடம் கிடைக்கும். பாதிப் பேர் மனசு வாசலில் இருக்கும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம்தான் நல்ல இடம். அரை மணி நேரம் நிதானமாகப் பேசலாம், குறுக்கே கேள்வியும் வரும். பெந்தெகொஸ்தே சபையில் உபவாச ஜெபத்துக்கு அப்புறம் பேசச் சொல்வார்கள். காலையிலிருந்து சாப்பிடாதவர்களிடம் நீட்டி முழக்கக் கூடாது.

பேச்சின் சரக்கும் இடத்துக்கு இடம் மாறும். இறந்தபின் உறுப்பு தானம் செய்வது மேன்மையான செயல் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடே சொல்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் 2000 ஆகஸ்டில் ரோமில், உறுப்பு மாற்று மருத்துவர்களின் மாநாட்டிலேயே ஆதரித்துப் பேசினார். பங்கு மக்களிடம் இதைச் சொன்னால் முகத்தில் ஒரு தெளிவு வரும். இதையே பெந்தெகொஸ்தே சபையில் சொல்லிப் பாருங்கள், போப் சொன்னால் எங்களுக்கென்ன என்பார்கள்!

கேத்தி பக்கம் இன்னொரு மாதிரி. சுவிட்சர்லாந்திலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்த பாசல் மிஷன் 1846இல் வந்து இறங்கிய ஊர் அது. நான்கைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் படுகர் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குக் கல்லறை என்பது தாத்தாவும் பூட்டனும் வரிசையாகப் படுத்திருக்கும் குடும்பச் சொத்து. அங்கே உடல் பற்றிய பேச்சைக் கொஞ்சம் மெதுவாகத்தான் எடுக்க வேண்டும்.

தயாரிப்பு என்றதும் எல்லோரும் வசனம் தேடுகிறார்கள். கண் பற்றி வேதத்தில் வசனத்துக்குப் பஞ்சமில்லை. கண்ணானது சரீரத்தின் விளக்காயிருக்கிறது என்று மத்தேயுவில் இருக்கிறது. வழியோரம் உட்கார்ந்திருந்து இயேசுவிடம் பார்வை பெற்ற பர்திமேயு இருக்கிறான். கூடுமானால் உங்கள் கண்களைப் பிடுங்கி எனக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதைவிடப் பொருத்தமான வரி கிடைக்குமா? இருந்தும் நான் இவற்றைச் சொல்வதில்லை. அந்தப் புத்தகம் அவர்கள் வீட்டுப் புத்தகம். வெளியாள் அதிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தன் காரியத்துக்கு வளைத்தால், நம்மிடம் எதையோ விற்க வந்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.

வசனம் அவர்கள் போதகர் வாயிலிருந்து வரட்டும். அதனால்தான் முந்தின வாரமே போதகரைப் பார்த்துவிடுகிறேன். "ஐயா, கடைசி நாளில் உயிர்த்தெழும்போது கண்ணில்லாமல் எழுவோமா என்று கேட்பார்கள். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்பேன். இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் விளையாட்டுக் கேள்வி இல்லை. பெரும்பாலான போதகர்கள் கொரிந்தியர் நிருபத்தைத் திறப்பார்கள்: அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும். ஒரு வயதான போதகர் மட்டும் வசனத்தை விட்டுவிட்டு, "மண்ணுக்குள் போன கண் அப்படியே இருக்கும் என்று எந்தக் குழிவெட்டி உங்களுக்குச் சொன்னான்?" என்று திருப்பிக் கேட்டார். கூட்டத்தில் அதற்கு மேல் பேச்சில்லை.

வாய்விட்டுக் கேட்காத பயம் ஒன்று இருக்கிறது. அது முகம். இங்கே அடக்க ஆராதனையில் பெட்டியைத் திறந்து வைத்திருப்பார்கள். பெங்களூரிலிருந்து மகள் வந்து முகம் பார்க்க வேண்டும், பெட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுக்க வேண்டும். அந்த முகம் கோரமாகிவிடுமோ என்ற நினைப்பை நீக்காமல் மற்றதெல்லாம் பேசிப் பயனில்லை. அதனால் என் பேச்சு அங்கேதான் தொடங்கும். பெரும்பாலும் கருவிழிப் படலத்தை (கார்னியா) மட்டும் எடுக்கிறோம். முழு விழியை எடுத்தாலும் இமைகளை மூடித்தான் கொடுப்போம். பதினைந்து இருபது நிமிடம், வீட்டிலேயே. பார்க்க வருபவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை ஆபரேஷன் செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். உயிர் போனதும் மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்தால் போதும்.

நாளும் பார்க்க வேண்டும். தேசியக் கண்தான இருவாரம் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29இல் கொடியேறி அதே செப்டம்பர் 8இல் முடிகிறது. கத்தோலிக்கர்களில் பாதிப் பேர் அங்கே போயிருப்பார்கள், மீதிப் பேர் இங்கே நவநாளில், அதாவது திருவிழாவுக்கு முந்தின ஒன்பது நாள் ஜெபத்தில், இருப்பார்கள். நவநாளில் நேரம் கேட்டால் தருவார்கள். விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை வேண்டவே வேண்டாம். கேரட்டும் முட்டைக்கோசும் ஏலம் போய்க்கொண்டிருக்கும்போது யார் காதில் விழும்? நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் கல்லறைத் தோட்ட வாசலில் நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். மெழுகுவர்த்தியோடு வருபவரிடம் போய், போன வருடமே கொடுத்திருக்கலாமே என்று குத்திக் காட்டுவது போல ஆகிவிடும்.

இத்தனையும் பேசி, படிவத்தில் கையெழுத்து வாங்கினாலும், இறந்தவரின் குடும்பம் சம்மதித்தால்தான் கண். அதுவும் ஆறு மணி நேரத்துக்குள். எங்கள் குழு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏற வேண்டும். ஐப்பசி மழையில் மண் சரிந்தால் ரோடே இருக்காது. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாருக்கு எங்கள் நம்பர் நினைவு வரும்? போதகருக்கும், கோயில் காரியங்களில் அவருக்குத் துணையாக இருக்கும் உபதேசியாருக்கும்தான் சாவுச் செய்தி முதலில் போகிறது. ஜெபிக்க ஆள் வேண்டும், மணி அடிக்க வேண்டும். அதனால் கூட்டம் கலைந்ததும் நான் உபதேசியாரைத் தேடிப் போய்விடுவேன். டீ குடித்துக்கொண்டே, மணி அடிக்கப் போகும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று கேட்டு, நம்பரை அவர் போனில் நானே பதிந்து கொடுத்துவிட்டு வருவேன். குன்னூர், கோத்தகிரி பக்கம் இது ஓரளவு நடக்கிறது. கூடலூர் எஸ்டேட் லைன்களில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) பல இடத்தில் சிக்னலே கிடையாது. அங்கே யாரைப் பிடிப்பது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.